ஏற்றங்களின் வரிசை: மயோர்க்கா மலைச்சுற்று ஒன்றைத் திட்டமிட்ட விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஸ்பெயினின் பலேரிக் தீவுக்கூட்டத்தில் பெரியது மயோர்க்கா. டென்னிஸ் வீரர் நடால் பிறந்த தீவு என்ற அளவில் நம்மில் பலரும் கேள்விப்பட்டிருக்கும் இத்தீவு, ஐரோப்பியச் சாலை மிதிவண்டிக்காரர்களுக்குப் பல ஆண்டுகளாகவே பயிற்சிக் களமாக இருந்துவருகிறது. தீவின் வடமேற்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்குத் திராமுந்தானா மலைத்தொடர் ஓடுகிறது. கல்லடுக்கு வரப்புகளும் ஒலிவத் தோப்புகளும் நிறைந்த இம்மலைப் பகுதியை 2011ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்திராச்சிலிருந்து பொயென்சா வரை மலையின் முதுகோடு செல்லும் எம்.ஏ.-10 சாலைதான் இங்கு மிதிவண்டி ஓட்டுவோரின் முதுகெலும்பு.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது ஒரே நாளில் ஓட்டி முடிக்க வேண்டிய ஒரு சுற்றை. வடகிழக்கு முனையிலுள்ள பொயென்சா துறைமுகத்தில் தொடங்கி, மலைமேல் தென்மேற்காகச் சென்று, சோயெர் பள்ளத்தாக்கில் இறங்கி, மீண்டும் ஏறி, சமவெளி வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் இச்சுற்றின் நீளம் சுமார் 165 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 3000 மீட்டருக்குச் சற்று அதிகம். திட்டத்தை வகுத்த கோயம்புத்தூர்க் குழுவில் நால்வர் இருந்தோம். 200, 300 கிலோமீட்டர் பிரெவேக்களை, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர மிதிவண்டி ஓட்டங்களை, ஓட்டி முடித்தவர்கள் என்பதால் தூரம் யாருக்கும் புதிதன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் 33 கிலோமீட்டர் எல்லோருக்கும் பழகிய பாதை என்பதால் ஏற்றமும் புதிதன்று. ஆனால் கோத்தகிரி என்பது ஒரே மூச்சில் 1400 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டு அதே வழியில் இறங்கி வீடு திரும்பும் வேலை. களைப்பு வந்துவிட்டால் எந்த வளைவிலும் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். மயோர்க்காச் சுற்றிலோ ஐந்து பெரிய ஏற்றங்கள் உள்ளன, அவற்றில் எதுவும் தனித்துப் பார்த்தால் கோத்தகிரியளவு இல்லை, இருந்தாலும் ஒன்றை முடித்து இறங்கிய பின்னரே அடுத்தது வரும் என்பதாலும், சில இடங்களில் திரும்பிப் போவதே இன்னொரு மலையேற்றம் என்பதாலும், கணக்கு முற்றிலும் வேறாகிறது. எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்ற கேள்வியைவிட எந்த ஏற்றம் நாளின் எந்த மணியில், எந்த இடத்துக்குப் பிறகு வருகிறது என்ற கேள்வியே இத்திட்டத்தை ஆண்டது.

பாதை

பொயென்சா துறைமுகத்திலிருந்து பொயென்சா ஊர் ஏழு கிலோமீட்டர். கால்களைச் சூடேற்றிக்கொள்ள ஏற்ற சமதளம். ஊரைத் தாண்டியதும் சற்றுத் தொலைவில் ஃபெமெனியா கணவாய்க்கான ஏற்றம் தொடங்கி, ஏழரைக் கிலோமீட்டரில் 515 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. சராசரிச் சரிவு ஐந்தரை விழுக்காட்டளவில் இருப்பதால் காலையில் மூச்சைச் சீராக்கிக்கொள்ள இதைவிட நல்ல ஏற்றம் அமையாது. பின்னர் சாலை ஏறியும் இறங்கியும் லியுக் மடாலயத்தின் அருகே செல்கிறது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து யாத்திரைத் தலமாக விளங்கும் இம்மடாலயம் இன்று மிதிவண்டிக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் இடமாகவும் ஆகிவிட்டது.

லியுக்கிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சென்றால் ஒரு முச்சந்தி. பழைய நீர்க்குழாய்ப் பாலத்தின் வளைவுக்கருகே அமைந்த இந்த இடத்தில்தான் கடற்கரைச் சிற்றூரான சா கலோப்ராவுக்குப் பிரியும் சாலை வலப்புறம் திரும்புகிறது. கடல்மட்டம் வரை இறங்கி அதே சாலையில் ஏறி வந்த பிறகு, கோர்க் பிளாவ், கூபெர் என்ற இரு நீர்த்தேக்கங்களைக் கடந்து, தீவின் மிக உயரமான மலையான புட்ச் மஜோரின் தோளில் குடையப்பட்ட மொன்னாபெர் சுரங்கத்தை அடைய வேண்டும். சாலை 850 மீட்டரைத் தாண்டும் இந்த இடமே நாளின் உச்சி. அங்கிருந்து 14 கிலோமீட்டர் இடைவிடாத இறக்கம் சோயெர் நகரத்தில் முடிகிறது. சோயெரிலிருந்து 496 மீட்டர் உயரமுள்ள சோயெர் கணவாய், புன்யோலாவிலிருந்து 550 மீட்டர் உயரமுள்ள ஒனோர் கணவாய், அதன்பின் ஓரியெந்த், அலரோ, யோசேத்தா, செல்வா, காம்பனெத் என்று சிற்றூர்களைத் தொட்டபடி பொயென்சா.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

புறப்பட்ட இடத்திலேயே முடியும் எந்தச் சுற்றிலும் இரு திசைகளிலும் மொத்த ஏற்றம் ஒன்றுதான். ஏறியதெல்லாம் இறங்கியாக வேண்டும் என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் திசையை மாற்றினால் நாளின் இயல்பே மாறிவிடுகிறது.

சமவெளியை முதலில் கடந்து சோயெர் வழியாக மலையேறும் வலச்சுற்றைக் குழுவில் ஒருவர் வலியுறுத்தினார். அதற்கு அவர் சொன்ன காரணம் வலுவானது: சோயெரிலிருந்து மொன்னாபெர் வரையிலான 14 கிலோமீட்டர் ஏற்றமே தீவின் மிக நீண்ட ஏற்றம்; இதை ஏறாமல் இறங்க மட்டும் செய்துவிட்டுத் திரும்புவது மயோர்க்காவுக்குப் போய் மலையைப் பார்க்காமல் வருவதற்குச் சமம். இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் அப்படிச் சுற்றினால் ஒனோர், சோயெர் கணவாய்களை முடித்துவிட்டு நண்பகல் வாக்கில் 14 கிலோமீட்டர் ஏற்றத்தைத் தொடங்க வேண்டும்; தென்மேற்கு நோக்கிய அச்சரிவில் மதிய வெயில் நேராக விழும். சா கலோப்ராவில் இறங்கும்போது பிற்பகல் ஆகியிருக்கும், சுற்றுலாப் பேருந்துகள் கூட்டமாக மேலேறி வருகிற நேரம் அது. இறங்குபவர் வளைவு ஒவ்வொன்றிலும் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வரும் பேருந்தைச் சந்திக்க நேரிடும்.

இடச்சுற்றில் நிலைமை தலைகீழ். புட்ச் மஜோரை முச்சந்தியின் பக்கத்திலிருந்து ஏறுவதால் ஏற்றம் 250 மீட்டரளவில் சுருங்கிவிடுகிறது. நீண்ட பக்கம் இறக்கமாக அமைகிறது. சா கலோப்ரா பத்து மணிக்குள் வந்துவிடுகிறது. பெரிய ஏற்றங்கள் முற்பகலில் முடிந்து, பிற்பகலுக்கு 450, 330 மீட்டர் அளவிலான இரண்டு மிதமான ஏற்றங்களே மிஞ்சுகின்றன.

இடச்சுற்றுக்கு எதிராகச் சொல்லத்தக்கது காற்று ஒன்றுதான். வெயில் ஏறியதும் மயோர்க்காவில் கடற்காற்று உள்நோக்கி வீசத் தொடங்கும். அதை அங்குள்ளவர்கள் எம்பாத் என்கிறார்கள். பால்மா விரிகுடாவிலிருந்து தென்மேற்குக் காற்றும், அல்குதியா விரிகுடாவிலிருந்து வடகிழக்குக் காற்றும் புறப்பட்டுத் தீவின் நடுப்பகுதியில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஆகவே அலரோவிலிருந்து வடகிழக்காகத் திரும்பும்போது முதலில் முதுகில் தள்ளும் காற்று, இன்கா நகரை ஒட்டிய பகுதியைக் கடந்தபின் முகத்தில் அறையத் தொடங்கலாம். 130 கிலோமீட்டர் ஓட்டிய கால்களுக்கு இது எளிதன்று. ஆனால் எதிர்க்காற்றில் நால்வர் ஒருவர் பின் ஒருவராக அணிவகுத்து மாறி மாறி முன்னின்று உழைப்பைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். ஏழு விழுக்காட்டுச் சரிவில் யாரும் யாருக்கும் உதவ முடியாது. பகிர முடியாத வேலையை முதலிலும் பகிரக்கூடிய வேலையைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதே முறை என்ற முடிவோடு இடச்சுற்று உறுதியானது. நாளைப் பொறுத்தவரை, 312 கிலோமீட்டர் பெருஞ்சுற்றுக்காக ஆயிரக்கணக்கானோர் திரளும் ஏப்ரல் இறுதி வாரத்தைத் தவிர்த்து மே மாதத் தொடக்கத்தைத் தேர்ந்துகொண்டோம்.

சா கலோப்ரா

இச்சாலை தனித்து எழுதத்தக்கது. 1932இல் கட்டி முடிக்கப்பட்ட இதை வடிவமைத்தவர் பொறியாளர் அந்தோனியோ பாரியெத்தி. தீவின் வடமுனையிலுள்ள ஃபொர்மென்டோர் சாலையும் அவர் போட்டதே. மலையைக் குடைந்து சுரங்கம் அமைப்பதைத் தவிர்த்து, நிலத்தின் வளைவு நெளிவுகளுக்கு ஏற்பச் சாலையை மடித்து மடித்து இறக்கியிருக்கிறார். 682 மீட்டர் உயரத்திலிருக்கும் ரெய்ஸ் கணவாயிலிருந்து கடற்கரை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் தூரத்தில் 26 கொண்டை ஊசி வளைவுகள். உச்சிக்கு அருகே ஓரிடத்தில் சாலை ஏறத்தாழ முக்கால் வட்டம் அடித்துத் தன் மேலேயே பாலமாகக் கடந்து செல்கிறது. கழுத்துப்பட்டை முடிச்சு என்பது அதற்கு வழங்கும் பெயர். வேறெங்கும் இட்டுச்செல்லாத சாலை இது. கீழே சில கடைகளும் ஒரு சிறு துறையும், பரெய்ஸ் ஓடை கடலில் கலக்கும் மலைப்பிளவும் மட்டுமே உள்ளன.

திட்டமிடுபவரை உறுத்துவது இந்தக் கடைசிச் செய்திதான். மற்ற மலைகளில் ஏறுவதற்கு முன் யோசிக்கலாம்; இங்கே இறங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். கீழே போய்விட்டால் இருக்கும் ஒரே சாலை மேல்நோக்கியது. ஏழு விழுக்காட்டுச் சராசரி என்று சொன்னாலும் நடுவில் பத்து விழுக்காட்டைத் தொடும் துண்டுகள் உண்டு.

எவ்வளவு நேரமாகும் என்பதை ஊகத்துக்கு விடாமல் கணக்கிட்டோம். ஓட்டுபவர் 70 கிலோ, வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 11 கிலோ என்று கொண்டால், 81 கிலோவை 670 மீட்டர் உயர்த்துவதற்குப் புவியீர்ப்பை வெல்லவே 530 கிலோஜூலுக்கு மேல் தேவை. இடைவிடாமல் 150 வாட் ஆற்றல் தரக்கூடியவர், டயர் உராய்வையும் சேர்த்துப் பார்த்தால், மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஏறி 65 நிமிடத்தில் கணவாயை அடைவார். 200 வாட் தரக்கூடியவருக்கு 50 நிமிடம் போதும். குழுவின் நேரத்தை மெதுவானவரின் கணக்கில்தான் வகுக்க வேண்டும். வேகமானவர் மேலே சென்று காத்திருக்கலாம், அது யாருக்கும் கேடில்லை.

கியர் தேர்வும் இதே கணக்கிலிருந்து வந்தது. பெடலோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரத்தின் மிகப்பெரிய பல்சக்கரத்திலும் 34 பல் என்று இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால் கிடைப்பது மேற்சொன்ன 9 கிலோமீட்டர் வேகமே. பழைய பந்தய வண்டிகளில் காணும் 39க்கு 25 என்ற அமைப்பில் அதே 70 சுற்றைத் தக்கவைக்க வேண்டுமானால் 230 வாட்டுக்கு மேல் வேண்டும். அது இல்லாதவர் நிமிடத்துக்கு 45 சுற்றாகக் குறைந்து, முழங்காலை நசுக்கியபடி ஏறுவார். ஒரு ஏற்றத்துக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்துக்கு முடியாது. வாடகை வண்டி முன்பதிவின்போது நாங்கள் விலையையோ எடையையோ பற்றி அதிகம் கேட்கவில்லை. பின்சக்கரத்தின் காசெட் எனும் பல்சக்கர அடுக்கின் பல் எண்ணிக்கையைத்தான் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்டோம்.

வாடகை வண்டி பற்றி இன்னொன்று. நம் ஊரில் பெரும்பாலும் வலக்கை பிரேக் முன்சக்கரத்துக்கானது. ஐரோப்பாவில் வலக்கை பின்சக்கரத்துக்கு, இடக்கை முன்சக்கரத்துக்கு. சமதளத்தில் இது ஒரு பொருட்டேயில்லை. கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் நொடியில் கை பழக்கத்தின்படி அழுத்தும், அழுந்த வேண்டிய சக்கரம் அழுந்தாது. இதற்கெனவே முதல்நாள் மாலை சமவெளியில் ஓட்டிப் பழகினோம். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால் வளைவுகளின் கணக்கும் மாறுகிறது: நமக்கு இடப்பக்க வளைவுகள் உட்புறமாகச் செங்குத்தாக இருக்கும் என்றால், அங்கே வலப்பக்க வளைவுகளின் உள்விளிம்புதான் ஆளைத் தூக்கி நிறுத்தும்.

சோயெரில் இறங்குவதற்கு முன்

வரைபடத்தை மேசைமேல் விரித்து நேரம் பார்க்கத் தொடங்கியபோது, சுற்றின் ஆபத்தான இடம் சா கலோப்ரா என்றே எல்லோரும் நினைத்தோம். உயரக் கோட்டை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வெளியேறும் வழிகளை ஒவ்வொன்றாகக் குறிக்கத் தொடங்கியதும் வேறொன்று தெரிந்தது.

லியுக்கில் இருக்கும்வரை வழிகள் பல. அங்கிருந்து படாயா கணவாய் வழியே கைமரிக்கு எட்டுக் கிலோமீட்டர் இறங்கிவிடலாம்; கைமரியிலிருந்து இன்கா அருகில்தான், இன்காவிலிருந்து பால்மாவுக்கு ரயில் உண்டு. அல்லது வந்த வழியே ஃபெமெனியாவில் இறங்கிப் பொயென்சா திரும்பலாம். சா கலோப்ராவை முடித்து முச்சந்திக்கு ஏறி வந்த பிறகும் லியுக் பத்துக் கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஆனால் மொன்னாபெர் சுரங்கத்தைத் தாண்டி 14 கிலோமீட்டர் இறங்கிவிட்டால், ஆரஞ்சுத் தோப்புகள் சூழ்ந்த சோயெர் ஒரு பள்ளம். மூன்று பக்கமும் மலை, நான்காவது பக்கம் கடல். பால்மா நோக்கிச் செல்லும் சோயெர் சுரங்கப்பாதை 1997இல் திறக்கப்பட்டது. 2017 இறுதியில் அதன் கட்டணம் நீக்கப்பட்டதும் கார்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. மிதிவண்டிக்கு அதில் அனுமதி கிடையாது. ஆகவே சோயெரிலிருந்து சைக்கிளில் வெளியேற மிகக் குறைந்த விலை, கணவாய்ச் சாலையில் 450 மீட்டர் ஏற்றம். அதற்குப் பிறகும் தங்குமிடம் 60 கிலோமீட்டருக்கு அப்பால்.

இந்த ஒரு காரணத்தால் முடிவெடுக்கும் இடத்தைச் சோயெரிலிருந்து முச்சந்திக்கு நகர்த்தினோம். சோயெரில் உட்கார்ந்து சாப்பிட்டபடி "தொடரலாமா, விடலாமா" என்று பேசுவதில் பயனில்லை. அங்கு விடுவதற்கு ஒன்றுமில்லை. மேலே, பாலத்தின் வளைவுக்கருகே, அடுத்த 14 கிலோமீட்டர் இறக்கம் இனிமேல்தான் என்ற நிலையில் எடுக்கும் முடிவே முடிவு. அதை உடல்நிலை பற்றிய பேச்சாக விடாமல் கடிகாரத்தோடு கட்டினோம்: 11.45க்குள் முச்சந்தியை அடைந்தவர் சோயெருக்குச் செல்வார். அடையாதவர், எவ்வளவு தெம்பாக இருந்தாலும், லியுக், கைமரி வழியே இறங்கிப் பொயென்சாவுக்குத் திரும்புவார். அப்படித் திரும்பினாலும் அவருடைய நாள் 115 கிலோமீட்டரை எட்டும், சா கலோப்ராவும் அதில் அடங்கும் என்பதால் இதில் இழிவு எதுவுமில்லை என்று முன்கூட்டியே பேசிவைத்தோம்.

புன்யோலாவில் இரண்டாவது வெளியேறும் வழி இருக்கிறது. ஒனோர் கணவாயைத் தவிர்த்துச் சாந்தா மரியா, பினிசாலெம் வழியே சமவெளியில் போய்விடலாம். இதற்கு நேர வரம்பு எதுவும் வைக்கவில்லை. அங்கே ஒருவர் தவறாக முடிவெடுத்தாலும் இழப்பது அரைமணி நேரம்தான்.

நேரமும் உணவும்

மே தொடக்கத்தில் மயோர்க்காவில் சூரிய உதயம் காலை 6.45 அளவில், மறைவு இரவு 8.40 அளவில். 6.50க்குப் புறப்பட்டு, லியுக் 8.40, முச்சந்தி 9.20, சா கலோப்ராவின் அடிவாரம் 9.55, மீண்டும் முச்சந்தி 11.25, சோயெர் 12.50, உணவுக்குப் பின் 1.40க்குக் கிளம்பி, சோயெர் கணவாய் 2.35, ஒனோர் 3.35, அலரோ 4.05, பொயென்சா துறைமுகம் மாலை 6.25 என்று வகுத்தோம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலான இடைவெளி. 200 கிலோமீட்டர் பிரெவேக்கு வழங்கப்படும் பதின்மூன்றரை மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது கடுமையான அட்டவணை ஆகாது. ஆனால் பிரெவேயில் பொதுவாக இவ்வளவு மலை இருப்பதில்லை.

சுற்று முழுவதற்கும் உடல் செய்யும் இயந்திர வேலை 4500 கிலோஜூலளவில் இருக்கும் என்று கணித்தோம். மனித உடலின் திறன் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு என்பதால், செலவாகும் கலோரியும் ஏறத்தாழ அதே எண்ணாக, அதாவது 4500 கிலோகலோரியாக அமைகிறது. இவ்வளவையும் ஓட்டும்போதே உண்ண முடியாது. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பதே வயிறு தாங்கும் எல்லை. முதல் ஏற்றத்தில் பசி தெரியாது என்பதால் கடிகாரத்தில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலி வைத்து, ஒலித்தால் பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ ஒரு வாய் என்று விதித்தோம். தண்ணீருக்கு லியுக், சா கலோப்ரா, சோயெர், அலரோ ஆகிய நான்கும் போதுமானவை. ஒரே பெரிய இடைவெளி சா கலோப்ராவிலிருந்து சோயெர் வரை, ஆகவே கீழே கடையில் இரு குப்பிகளையும் நிரப்பிக்கொண்டு ஏறுவது, எடை கூடினாலும், கட்டாயம்.

ஸ்பெயினில் ஊருக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம், சுரங்கங்களில் விளக்கு கட்டாயம். லியுக்குக்கும் சோயெருக்கும் இடையே இரு சுரங்கங்கள் உள்ளதால் முன்விளக்கும் பின்விளக்கும் பகலிலும் எரிந்தன. முந்திச் செல்லும் வாகனங்கள் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதைப் பெரும்பாலும் மதிக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் பழகியவர்களுக்கு முதல் நாள் அது கூச்சத்தையே தரும்.

ஓட்டிய நாள்

ஃபெமெனியாவில் ஏறும்போது மேகம் தாழ்ந்திருந்தது. தீவின் தென்கரையில் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டரைக்கூட எட்டாத மழை, லியுக் சுற்றுவட்டாரத்தில் 1000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. கடற்கரையில் தெளிந்த வானத்தைப் பார்த்துவிட்டு மேலாடையை அறையில் வைத்துவிட்டு வருபவர்கள் இங்கே நடுங்குவார்கள். மழை பெய்யவில்லை. ஆனால் ஈரம் படிந்த வழவழப்பான தாரில் ஆடுகள் குறுக்கே நின்றதால் லியுக்குக்கு முன்னுள்ள சிறு இறக்கங்களில் வேகம் குறைந்தது.

சா கலோப்ராவில் இறங்கும்போது சாலையில் எங்களைத் தவிர இரண்டு மூன்று மிதிவண்டிகளே. முடிச்சு வளைவில் பாலத்துக்கு மேலே வலம் சுற்றி, அதன் வயிற்றுக்குள் நுழைந்து வெளிப்பட்டபோது, கீழே சாலை சுருள் சுருளாகக் கிடந்தது முழுவதும் தெரிந்தது. முதல் பேருந்தை ஏறும்போதுதான் எதிர்கொண்டோம். அது வளைவில் திரும்புவதற்கு இருமுறை பின்வாங்க வேண்டியிருந்தது. நாங்கள் ஒரு காலை ஊன்றிக் கல்சுவரோரம் நின்று வழிவிட்டோம். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவருக்கு அது மூச்சுவாங்க ஒரு சாக்கு. அதே பேருந்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிவரும்போது சந்தித்திருந்தால் இப்படி எழுத முடியாது.

மூவர் 11.30க்கு முன்பே முச்சந்தியில் இருந்தோம். நான்காமவர் வந்தபோது 11.52. முகத்தில் களைப்பில்லை, பேச்சில் தெளிவிருந்தது, ஏழு நிமிடம் ஒரு தாமதமா என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் எழுந்தது. அவரே கடையில் ஆரஞ்சுச் சாறு ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, "நான் லியுக் பக்கம் போறேன், நீங்க கிளம்புங்க" என்று வண்டியைத் திருப்பினார். மாலையில் கேட்டபோது, கைமரிக்கு இறங்கும்போதே தொடைத் தசை பிடித்துக்கொண்டதாகவும் செல்வாவில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். அது மொன்னாபெருக்கு அப்பால் நேர்ந்திருந்தால் சோயெர் கணவாய் அவருக்கு நடைபயணமாகியிருக்கும்.

சோயெரின் மைய வெளியில் டிராம் தண்டவாளங்கள் குறுக்கே ஓடுகின்றன. 1913 முதல் ஓடும் அந்த டிராம் பார்ப்பதற்கு அழகு. 28 மில்லிமீட்டர் டயருக்கு அதன் பள்ளம் ஒரு பொறி. வளைந்து கடக்காமல் செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்று ஏற்கெனவே குறித்து வைத்திருந்தது பயன்பட்டது. உணவு வருவதற்கு நேரம் பிடித்தது. சோயெர் கணவாயில் அரைமணி நேரத்தில் மூன்றே கார்கள் கடந்தன; சுரங்கம் செய்த உபகாரம் இது. ஒனோர் கணவாய்க்குப் பின் ஓரியெந்தைத் தாண்டி, அலரோவின் இரு தட்டைத்தலைப் பாறைமலைகளுக்கு நடுவே இறங்கியது நாளிலேயே இனிமையான பகுதி என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். செல்வாவைக் கடந்ததும் எதிர்பார்த்தபடியே காற்று எதிரில் வந்தது. மூவராகக் குறைந்திருந்ததால் முன்னிற்கும் முறை அடிக்கடி வந்தது. துறைமுகத்தை அடைந்தபோது 6.50, திட்டத்தைவிட 25 நிமிடம் தாமதம். பதிவுக் கருவியைப் பார்த்தால், அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு சோயெரின் சாப்பாட்டு மேசையிலும் லியுக்கின் தண்ணீர்க் குழாயடியிலும் போயிருக்கிறது; ஏற்றங்களின் நேரம் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனது.

பருவம் மாறினால்

பிப்ரவரியில், வாதுமை பூக்கும் நாட்களில், இதே சுற்றை ஓட்ட நினைப்பவர்கள் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அப்போது பகல் பத்தரை மணி நேரம்தான். உதயம் ஏழேமுக்கால் மணிக்கு மேல், மறைவு ஆறேகாலுக்கும் ஆறரைக்கும் இடையில். மேலே 700, 800 மீட்டரில் நிழல் விழும் வளைவுகளில் காலையில் பனி உறைந்திருக்கவும் கூடும் என்பதால் விடியலுக்கு முன்பே புறப்படுவதும் உதவாது. எதையாவது விட்டாக வேண்டும். பலரும் சா கலோப்ராவை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் மிச்சமாவது அதில்தான். என் தேர்வு வேறு: சா கலோப்ராவை வைத்துக்கொண்டு முச்சந்தியிலிருந்து லியுக், கைமரி வழியே திரும்பிவிட்டு, சோயெர், ஒனோர், ஓரியெந்த் மூன்றையும் மற்றொரு நாளுக்குத் தனிச்சுற்றாக ஒதுக்குவேன். பேருந்துகள் குறைந்திருக்கும் அப்பருவத்தில் அந்த 14 கிலோமீட்டர் புட்ச் மஜோர் ஏற்றத்தைச் சோயெரிலிருந்து ஏறிப் பார்க்கவும் அந்த இரண்டாவது நாள் இடங்கொடுக்கும்; வலச்சுற்றை வலியுறுத்தியவர் அடுத்த முறைக்கென்று ஏற்கெனவே அதைக் குறித்துவைத்திருக்கிறார்.